ஆறு பட்டை சிறுநீர் கப்: டர்பன் நன்னடத்தை வேலையில் எவ்வளவு நம்பலாம்?

மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் கப். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை உரித்தால் ஆறு மெல்லிய பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு போதைப்பொருளுக்கு. ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். டர்பனில் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, மருத்துவப் பொருள் மொத்த வியாபாரிகளிடம் 25 கொண்ட பெட்டியாகவும் கிடைக்கிறது. நன்னடத்தை அலுவலராகப் புதிதாகச் சேர்பவர் இதைத் தானே பயன்படுத்தாவிட்டாலும், பள்ளிக்கூடம், மறுவாழ்வுத் திட்டம், வீடு என்று எங்கிருந்தாவது இதன் முடிவு அவர் மேசைக்கு வந்து சேரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்கட்டமாகச் சலித்தெடுக்க நல்ல கப். ஆனால் ஒருவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பும் தாளில் இதை மட்டும் சான்றாக வைத்தால் அநியாயம் நடக்கும். அது எப்படி நடக்கும் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டில் பாதி விஷயம் கடுகு எழுத்தில் இருக்கிறது, மீதி அதில் இல்லவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலை இரண்டு துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களை 2008-ஆம் ஆண்டின் குழந்தை நீதிச் சட்டப்படி பார்ப்பவர்கள் சமூக மேம்பாட்டுத் துறையின் நன்னடத்தை அலுவலர்கள். பரோலிலோ திருத்தக் கண்காணிப்பிலோ வெளியே இருக்கும் பெரியவர்களைப் பார்ப்பது திருத்தப் பணிகள் துறையின் சமூகத் திருத்தப் பிரிவு. கப் ஒன்றுதான், ஆனால் அதில் பாசிட்டிவ் வந்தால் விளைவு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. பெரியவர் ஒருவரின் நிபந்தனைப் பட்டியலில் ‘போதைப்பொருள் தொடக்கூடாது’ என்று இருந்தால், அந்த முடிவு அவருடைய பரோலையே கேள்விக்குள்ளாக்கும். வழக்குக்கு மாற்றான திட்டத்தில் இருக்கும் பையன் என்றால், ஏன் நிபந்தனையைக் கடைப்பிடிக்கவில்லை என்று நீதிபதி விசாரிப்பார், வேறு திட்டம் கொடுக்கலாமா, வழக்கையே நடத்தலாமா என்று பிறகு முடிவு செய்வார். இரண்டிலும் நீதிபதியோ பரோல் வாரியமோ முதலில் படிப்பது அலுவலர் எழுதிய வரியைத்தான்.

கப்பைப் படிப்பதிலிருந்து தொடங்குவோம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கர்ப்பச் சோதனையிலும் கோவிட் சோதனையிலும் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ் என்று எல்லோருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. இதில் தலைகீழ். இரண்டு கோடு என்றால் நெகட்டிவ். மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் வந்து, கீழே சோதனைக் கோடு வராவிட்டால்தான் பாசிட்டிவ். காரணம் எளிது. பட்டையில் நிறத்துகள் ஒட்டிய எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. சிறுநீரில் மருந்து இல்லையென்றால் அந்தப் புரதம் ஊர்ந்து போய்ச் சோதனைக் கோட்டில் பூசியிருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், நிறம் தெரியும். சிறுநீரிலேயே மருந்து நிறைய இருந்தால் புரதம் வழியிலேயே அதைப் பிடித்துக்கொண்டுவிடும், கோட்டில் ஒட்ட எதுவும் மிஞ்சாது.

இதனால்தான் மங்கலான கோடும் நெகட்டிவ். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அது நெகட்டிவ்தான். ‘லேசா இருக்கு, அப்போ கொஞ்சம் எடுத்திருப்பான்’ என்று சொல்வது தவறு. கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்தப் பட்டை செல்லாது, புதுக் கப் எடுக்க வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்புகளில் பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்த்தது கணக்கில் வராது. பேரனின் சிறுநீரில் பட்டையை நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு எடுத்துவரும் ஆயாவிடம் அந்தப் பட்டை எதையும் சொல்லாது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவருடைய பயம் உண்மை. பட்டை மட்டும்தான் செல்லாது.

எந்தப் பட்டைகள் இருக்கும் கப்பை வாங்குவது? ஆறு பட்டை என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டர்பனுக்கு மூன்று பட்டைகள் கட்டாயம்: ஓபியேட் (மார்ஃபின், ஹெராயின் போன்ற அபினி வகை), மேண்ட்ராக்ஸ், கஞ்சா. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இரண்டாயிரங்களின் நடுவிலிருந்து குடும்பங்களை அரித்துக்கொண்டிருக்கும் ‘சுகர்ஸ்’ என்பது மலிவான ஹெராயினில் பலதையும் கலந்தது. அது ஓபியேட் பட்டையில்தான் தெரியும். மேண்ட்ராக்ஸ் உலகின் பல நாடுகளில் மறைந்துபோன மயக்க மாத்திரை, இங்கே மறையவில்லை. வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த கப்பில் அதற்குப் பட்டையே இருக்காது, விலை மலிவு என்று வாங்கினால் ஏமாறுவோம். மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்), கோகெயின், பென்சோ (ஒரு வகைத் தூக்க மாத்திரைகள்) ஆகியவை அடுத்தபடி.

ஓபியேட் பட்டையை வாங்கும்போது அதன் வெட்டு அளவை, அதாவது எவ்வளவு மருந்து இருந்தால் பாசிட்டிவ் காட்டும் என்பதை, பார்த்தே ஆகவேண்டும். சந்தையில் இரண்டு அளவுகள் இருக்கின்றன: ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம், 2000 நானோகிராம். லேபிளில் ‘எம்.ஓ.பி’ என்றிருந்தால் பெரும்பாலும் 300, ‘ஓ.பி.ஐ’ என்றிருந்தால் பெரும்பாலும் 2000. ஆனால் எழுத்தை நம்பாமல் துண்டுச் சீட்டில் எண்ணைப் பாருங்கள். 300 பட்டை, எடுத்து அதிக நேரம் ஆன பிறகும் பிடித்துத் தரும், அதே சமயம் குற்றமற்றதையும் பிடித்துத் தரும். அதில் முதலாவது நம் சமையலறையில் இருக்கிறது.

கசகசா. துபாய்க்குப் போகிறவரிடம் பெட்டியில் கசகசா வைக்காதே என்று சொல்லி அனுப்புவோமே, அதே காரணம்தான். கசகசா அபினிச் செடியின் விதை. விதையின் மேல் தோலில் மார்ஃபின் தடயம் ஒட்டியிருக்கும். கழுவினாலும், அரைத்தாலும், சூட்டில் வைத்தாலும் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. எவ்வளவு இருக்கும் என்பது ஒவ்வொரு மூட்டைக்கும் மாறும். கசகசா தாராளமாக அரைத்துவிட்ட குருமாவையோ பாயசத்தையோ சாப்பிட்டவரின் சிறுநீரில் மார்ஃபின் 300-ஐத் தாண்டுவது ஆச்சரியமில்லை. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூடத் தெரியலாம். அமெரிக்க அரசு 1998-இல் தன் ஊழியர் சோதனைகளில் இந்த அளவை 300-லிருந்து 2000-க்கு உயர்த்தியதற்குக் கசகசாவே முக்கிய காரணம். தீபாவளிக்கு மறுநாளும், கல்யாண விருந்துக்கு மறுநாளும் 300 கப்பை எடுக்க வேண்டாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால் முந்தின இரண்டு நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது கோடீன். இங்கே கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மருந்தாளுநரிடம் வாங்கக்கூடியவை. உடல் கோடீனில் ஒரு பகுதியை மார்ஃபினாகவே மாற்றுகிறது. பல்வலிக்கு இரண்டு மாத்திரை போட்டவரும் சுகர்ஸ் இழுத்தவரும் கப்பில் ஒரே மாதிரி தெரிவார்கள். கப் பொய் சொல்லவில்லை, அதற்கு அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் திறன் கிடையாது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் இந்த மாகாணத்தில் மிகவும் கவலைப்பட வேண்டியது. குவாசூலு-நட்டாலில் காசநோயும் எச்.ஐ.வி.யும் பரவலாக இருக்கின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சில வகைச் சோதனைகளில் ஓபியேட் பாசிட்டிவ் காட்டியதாகப் பதிவுகள் உண்டு. மருந்துக்கு மசியாத காசநோய்க்குத் தரும் லெவோஃப்ளாக்சசினும் அப்படியே. எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் சில கப்களில் கஞ்சாப் பட்டையையும் பென்சோ பட்டையையும் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும். 2019 இறுதியிலிருந்து முதல் வரிசை மருந்தாக டொலுடெக்ராவிர் வந்துவிட்டதால் எஃபாவிரென்ஸ் குறைந்திருக்கிறது, இருந்தாலும் பழைய மருந்திலேயே தொடர்பவர்கள் இருக்கிறார்கள். சளிக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் மெத் பட்டையிலும் ஆம்ஃபெட்டமைன் பட்டையிலும் குழப்பம் செய்யும். ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் நோயாளி அந்த மாத்திரையாலேயே மாட்டிக்கொள்வதைவிடக் கொடுமை வேறென்ன?

எனவே சோதனைக்கு முன் மருந்துப் பட்டியல் வாங்குவது கப் திறப்பதைவிட முக்கியம். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் வேலையின் நுணுக்கம் இருக்கிறது. அறையில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கும்போது, ‘நீ என்ன மாத்திரை சாப்பிடுற?’ என்று கேட்டால், அந்தப் பையன் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறானா என்று எல்லோர் முன்னாலும் கேட்டதாகத்தான் அர்த்தம். குழந்தையின் எச்.ஐ.வி. நிலையை அனுமதியின்றி வெளியிடுவதை 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் தடுக்கிறது. பெரியவர்களின் மருத்துவ விவரத்துக்கு 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் காப்பு. மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் உள்ளே போன மாத்திரை, சிரப், மூலிகை, பிள்ளைகள் குடிக்கும் சத்துப்பானம் வரை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ‘இது எதுக்குக் கேக்கிறேன்னா, மாத்திரையால தப்பா காட்டினா உங்களைக் காப்பாத்தத்தான்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மறைக்க மாட்டார்கள். தாளை உறையிலிட்டு மூடி, தனிக் கோப்பில் வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் நோயின் பெயர் வரக்கூடாது. ‘சோதனையைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுத்துக்கொள்கிறார், ஆய்வகச் சோதனை தேவை’ என்பதே போதும்.

இனிச் செய்முறை. பை கிழிக்கும் முன் காலாவதி தேதியையும் தொகுதி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கிழித்தால் ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், டர்பனின் ஈரக்காற்று பட்டையைக் கெடுத்துவிடும். கப்பில் குறைந்த அளவைக் காட்டும் கோடு இருக்கும், 30 மில்லி பிடித்தால் ஆய்வகத்துக்கு அனுப்பவும் மிச்சம் இருக்கும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் உடனிருக்க வேண்டும். பள்ளிச் சோதனைக்குத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, நம் வேலையிலும் அதைவிடக் குறைவாக நடந்துகொள்ளக் காரணம் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் கதவுக்கு வெளியே நின்று, சிறுநீரில் தண்ணீர் கலக்காமல் இருக்கக் கை கழுவும் குழாயை மூடிவிட்டு, கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் ஊற்றி வைத்தாலே போதும். நேருக்கு நேர் நின்று பார்ப்பது பிள்ளையை அவமானப்படுத்தும், அதற்குப் பிறகு அவன் எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டான்.

கப் கைக்கு வந்தவுடன் பார்க்க வேண்டியது வெப்பப் பட்டை. நான்கு நிமிடத்துக்குள் 32-லிருந்து 38 டிகிரிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது அப்போது பெய்த சிறுநீர் அல்ல என்று சந்தேகிக்கலாம். நிறம் தண்ணீர் மாதிரி இருந்தால் நிறையக் குடித்திருக்கலாம். பி வைட்டமின் மாத்திரை போட்டால் நீர்த்த சிறுநீரும் மஞ்சளாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கழிவுப் பொருள்) பட்டை உள்ள கப் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கூடுதல் காசுக்கு மதிப்பு உண்டு. ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நீர்த்த மாதிரி, அதில் வந்த நெகட்டிவை நம்ப முடியாது. ஆனால் நீர்த்துப்போனதே ஏமாற்று வேலைக்குச் சாட்சி ஆகாது. காவடி விரதத்தில் இருப்பவரும், பிப்ரவரி வெயிலில் கட்டட வேலை செய்பவரும் தண்ணீர் குடிக்கத்தான் செய்வார்கள். இன்னொரு நாள் காலையில் வரச் சொல்லுங்கள். சிறுநீர் வரவில்லை என்பவரை அதட்ட வேண்டாம். மூன்று மணி நேரத்தில் மொத்தம் 1.2 லிட்டருக்கு மிகாமல் தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள்.

எத்தனை நாள் தெரியும் என்பதுதான் அடுத்த பெரிய குழி. ஹெராயின் இரண்டு, மூன்று நாள். கோகெயினும் மெத்தும் இரண்டிலிருந்து நான்கு நாள். கஞ்சா ஒருமுறை இழுத்தவருக்கு மூன்று நாளில் போய்விடும், தினமும் இழுத்தவருக்கு நிறுத்திய பிறகும் 30 நாளுக்கு மேல்கூடத் தெரியலாம். அது கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஒரு வாரம் நெகட்டிவ், அடுத்த வாரம் பாசிட்டிவ் என்று ஊசலாடுவதும் சகஜம், அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதே போதும் அதற்கு. ஆகவே முதல் சந்திப்பில் ஒரு கப் எடுத்து அதை அடிப்படையாக எழுதி வையுங்கள். முதல் மாதத்தில் வரும் கஞ்சா பாசிட்டிவை நிபந்தனை மீறல் என்று எழுதுபவர் தன் வேலை தெரியாதவர்.

கஞ்சாவின் சட்ட நிலையும் மாறியிருக்கிறது. பெரியவர் தனிமையில் பயன்படுத்துவது குற்றமல்ல என்று அரசமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கஞ்சாவைப் பயன்படுத்தியதற்காகவோ வைத்திருந்ததற்காகவோ குழந்தைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்று 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. பையனின் கஞ்சாப் பட்டையில் கோடு வரவில்லை என்றால், அது அவனுக்கு உதவி தேவையா என்று பேசத் தொடங்கும் இடம்.

கப் பார்க்காதவையும் உண்டு. மது இதில் தெரியாது, பல வீடுகளில் அடி விழுவது மதுவால்தான். அபினி போலவே வேலை செய்யும் டிராமடால், ஃபென்டனில், மெத்தடோன் மூன்றும் சாதாரண ஓபியேட் பட்டையில் தெரியாது. செயற்கைக் கஞ்சா, கஞ்சாப் பட்டையில் விழாது. நெகட்டிவ் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது. ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, அல்லது கொட்டாவி, ஒழுகும் மூக்கு, மயிர்க்கூச்சம், வயிற்றைப் பிடித்துக் குனிந்திருப்பது, அதாவது தெருவில் ‘அரோஸ்டா’ என்று சொல்லும் நிலை, இவையெல்லாம் பட்டையில் வராத தகவல்கள்.

பாசிட்டிவ் வந்து, எதிரில் இருப்பவர் ‘ஆமா, எடுத்தேன்’ என்று ஒப்புக்கொண்டால், சிகிச்சைப் பேச்சுக்குப் போகலாம். மறுத்தால் ஆய்வகம்தான் வழி. அதே மாதிரியில் ஒரு பகுதியை அவர் கண் முன்னாலேயே குப்பியில் ஊற்றி, மூடி, சீல் நாடா ஒட்டி, நாடாவின் மேல் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று படிவத்தில் எழுத வேண்டும். நிறை நிறமாலைக் கருவியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பார்க்கும் ஆய்வகம் மார்ஃபினையும் கோடீனையும் தனித்தனியே அளந்து சொல்லும். ஹெராயினிலிருந்து மட்டுமே வரும் ஆறு-மோனோஅசெட்டில்மார்ஃபின் கிடைத்தால் கசகசா, மாத்திரை வாதம் முடிந்தது. ஆனால் அது ஒரு நாளுக்குள் மறைந்துவிடும், கிடைக்காததால் ஹெராயின் இல்லை என்று ஆகிவிடாது. செலவு கப்பைவிடப் பல மடங்கு, பதில் வர நாட்கள் ஆகும். அந்த நாட்களில் அவர் வேலைக்குப் போகட்டும், பையன் பள்ளிக்கூடம் போகட்டும். பதில் வரும்வரை மீறல் அறிக்கை அனுப்ப வேண்டாம்.

அறிக்கையில் எழுதும் வரி இப்படி இருக்கலாம்: ‘இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன தொகுதி எண்ணுள்ள கப்பில், 2000 வெட்டு அளவுள்ள ஓபியேட் பட்டையில் சோதனைக் கோடு தோன்றவில்லை. வெப்பம் சரியாக இருந்தது. ஆய்வக முடிவு நிலுவையில்.’ ‘ஹெராயின் பயன்படுத்தியுள்ளார்’ என்று எழுதினால், நீங்கள் பார்க்காத ஒன்றை எழுதுகிறீர்கள். குழந்தை வழக்கில் தண்டனைக்கு முந்தைய அறிக்கைக்கு ஆறு வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. ஆய்வகப் பதிலுக்கு அது தாராளம். பரோல் பக்கம் அவசரம் அதிகம், அங்கேதான் புதியவர்கள் மேலதிகாரியிடம் ‘இன்னும் பதில் வரல சார்’ என்று சொல்லத் துணிய வேண்டும்.

வாங்கும்போது: பெட்டியில் 2-லிருந்து 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். ஜனவரி வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும், டிக்கியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் குளிர்ப்பையில் எடுத்துப் போங்கள். மலிவு விலையில் தள்ளிவிடப்படும் பெட்டிகளில் காலாவதி அடுத்த மாதமாக இருக்கும். 300, 2000 இரண்டையும் கலந்து வாங்க வேண்டாம், ஒரே மேசையில் இரண்டு அளவு இருந்தால் ஒருநாள் மாறிப்போகும். நிபந்தனை மீறல் விஷயங்களுக்கு 2000-ஐயே வாங்கச் சொல்வேன். கிரியேட்டினின் பட்டையும் வெப்பப் பட்டையும் இல்லாத கப், எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கப் வாங்கும் அன்றைக்கே ஆய்வகத்திடம் குப்பிகளும் சீல் நாடாவும் படிவங்களும் வாங்கி, அதே அலமாரியில், கப்களுக்கு முன்னால் வையுங்கள்.